வில் வேட்டைக்கு எந்த மரத்தில் பரண் கட்டுவது?

கேட்டவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். வீடு ஆன் ஆர்பர் பக்கம். மிச்சிகனில் இதுதான் அவருக்கு முதல் வில் வேட்டைப் பருவம். வாட்டர்லூ என்ற மாநிலப் பொழுதுபோக்குப் பகுதியின் காட்டில் ஒரு மேடு, அதன்மேல் ஓக் மரங்கள், மேட்டுக்குக் கீழே சதுப்பு. ஓக்கடியில் புழுக்கையும் குளம்புத்தடமும் ஏராளம். அங்கேயே ஒரு மரத்தில் ஏறி, அக்டோபர் முதல் வாரத்தில் தொடர்ந்து மூன்று மாலை உட்கார்ந்திருக்கிறார். ஒரு மான்கூட வரவில்லை. மூன்றாம் நாள் இருட்டப்போகும் நேரத்தில் கீழே சதுப்புக்குள்ளிருந்து 'புஸ்ஸ்' என்று பலமாக மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டதாம். "இடம் தப்பா, நான் தப்பா?" என்று கேட்கிறார்.

அந்த மூச்சை விட்டது மான்தான். மனித வாடை பட்டால் வெள்ளைவால் மான் மூக்கு வழியாக அப்படித்தான் சீறும், சுற்றியிருக்கும் மற்ற மான்களுக்கும் சேதி போய்விடும். ஆக, மான்கள் அங்கே இருந்தன. நீங்கள் மேலே இருக்கிறீர்கள் என்பது அவற்றுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். மூன்றாம் நாள்தான் அது உங்களுக்குத் தெரிந்தது.

எப்படித் தெரிந்தது? பகலில் வெயில் பட்டு நிலம் சூடாகும்போது காற்று சரிவின் வழியாக மேலே ஏறும். மாலையில் வெயில் இறங்கியதும் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீர் வடிகிற மாதிரியே, பள்ளத்தைத் தேடி இறங்கும். உங்கள் மேட்டுக்கு எது பள்ளம்? சதுப்பு. மான்கள் பகல் முழுக்கப் படுத்திருப்பது எங்கே? அதே சதுப்பில். மேட்டில் உட்கார்ந்து உங்கள் வாடையை அவற்றின் படுக்கைக்கே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். வானிலை ஆப்பில் 'மேற்குக் காற்று, மணிக்கு 5 மைல்' என்று போட்டிருக்கும். அது திறந்த வெளிக்குப் பொருந்தும். காற்று ஓய்ந்த மாலையில் சரிவு தன் இஷ்டத்துக்குத்தான் நடக்கும்.

தமிழில் வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றுக்கும் வாடை என்று பெயர், மூக்கில் படும் நாற்றத்துக்கும் வாடை என்று பெயர். ஒரு வில் வேட்டைக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. அவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

காற்றைப் பார்க்கப் பொடி அடைத்த புட்டிகள் கடையில் விற்கிறார்கள். நான் வாங்குவதில்லை. இங்கே வயலோரங்களில் மில்க்வீட் செடி நிறைய உண்டு. நம்மூர் எருக்கின் உறவு, உடைத்தால் அதே வெள்ளைப் பால், காய் வெடித்தால் அதே பட்டுப் பஞ்சு. செப்டம்பர் கடைசியில் நாலு காயைப் பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். பொடி கையை விட்டு ஆறடி தாண்டினால் கண்ணுக்கு மறைந்துவிடும். இந்தப் பஞ்சு அறுபது, எழுபது கஜம் வரை கண்ணெதிரே மிதந்து போகும்.

ஒரு நவம்பர் மாலை இதே வாட்டர்லூவில் மேற்குக் காற்றை நம்பி ஒரு சரிவின் நடுவில் இருந்தேன். ஒரு இழையை விட்டேன். என் முதுகுப் பக்கமாகக் கிழக்கே போகவேண்டியது, பத்தடி போய்த் தயங்கி நின்றது. பிறகு அடிமரத்தைச் சுற்றி இறங்கி, காய்ந்த இலைகளுக்கு ஒரு முழம் மேலே, யாரோ நூல் கட்டி இழுப்பதுபோலப் பள்ளத்தை நோக்கி மெதுவாக நடந்தது. அது போய்ச் சேர்ந்த இடத்தில்தான் ஒரு பெண் மான் நின்றிருந்தது, அதுவரை நான் அதைப் பார்க்கவே இல்லை. தலையைத் தூக்கி, முன்னங்காலால் இரண்டு தரம் தரையைத் தட்டி, வாலை வெள்ளைக் கொடியாக விரித்துக்கொண்டு போனது. அன்றைக்கு நான் அம்பை நாணில்கூட மாட்டவில்லை. ஆனால் அந்தச் சரிவைப் பற்றி அந்த ஒரு இழை சொல்லித்தந்ததை எந்த வரைபடமும் சொல்லியிருக்காது.

துப்பாக்கிக்காரனுக்கு இவ்வளவு வேண்டியதில்லை. மான் நூறு கஜத்தில் நின்றால் போதும், காற்று கொஞ்சம் பிசகினாலும் காரியம் நடந்துவிடும். வில்லுக்கு 20 கஜம், நன்றாகப் பழகியவருக்கு 30. அந்த நெருக்கத்துக்கு மான் தானாக, பயமில்லாமல், நடையில் வரவேண்டும். அதனால் நான் இடம் பார்க்கும்போது 'இங்கே மான் வருமா' என்பதை முதலில் கேட்பதில்லை. தென் மிச்சிகனில் மான் வராத காடு எங்கே இருக்கிறது? 'இங்கே நான் வந்ததும், இருந்ததும், போனதும் தெரியாமல் இருக்க முடியுமா' என்பதே முதல் கேள்வி. இதில் தேறாத இடத்தில் எத்தனை தடம் இருந்தாலும் விட்டுவிடுவேன்.

அப்படித் தேறும் இடங்களில் எனக்குப் பிடித்தது, முதுகுக்குப் பின்னால் தண்ணீர் இருக்கும் இடம். பனியாறுகள் உருகிப் போனபோது விட்டுச்சென்ற குட்டி ஏரிகளும் குழிகளும் வாட்டர்லூ முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் உள்ள காடு, இப்படிக் குட்டைகளுக்குப் பஞ்சமில்லை. மான் ஏரி நடுவில் நின்று உங்களை மோந்து பார்க்கப் போவதில்லை. அதனால் மாலைக் காற்று வடிந்து போகும் பக்கம் திறந்த தண்ணீராக இருந்தால், உங்கள் வாடை யாருக்கும் தொந்தரவில்லாமல் தண்ணீர்மேல் போய்ப் படுத்துவிடும்.

அடுத்தது போகும் வழி. நீங்கள் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நடைபாதை வழியாக மேட்டில் ஏறி, ஓக்குகளுக்கு நடுவே போய், பிறகு மரம் ஏறியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிப் போனால் மான் இரவில் மேயும் இடம் முழுக்க உங்கள் பூட்ஸ் வாடை. இறங்கி வருவது இன்னும் மோசம், இருட்டியதும் மான்கள் ஓக்கடிக்கு வந்திருக்கும், அவற்றின் நடுவே டார்ச் அடித்துக்கொண்டு இறங்குவீர்கள். ஒரு தரம் அப்படிக் கலைத்தால் அந்த மான்கள் அடுத்த சில நாள் பகலில் தலைகாட்டாது. அதனால்தான் ஒரு புது இடத்தில் முதல் மாலைக்கு இருக்கும் பலன் மூன்றாம் மாலைக்கு இருப்பதில்லை. ஓடைக்குள் இறங்கி நடந்தாலும் சரி, அரை மைல் சுற்றினாலும் சரி, மான் எதிர்பார்க்காத பக்கமாகப் போங்கள். நான் சில இடங்களுக்குச் சின்னப் படகில் போகிறேன். என் மனைவிக்கு அது மீன்பிடிக்கப் போவதாகவே இன்னும் நினைப்பு.

சரி, இடத்தை எப்படித் தேடுவது? நீங்கள் செப்டம்பரில் போய்த் தேடியதாகச் சொல்கிறீர்கள். தேட வேண்டிய மாதம் மார்ச். பனி உருகியிருக்கும், புல் முளைத்திருக்காது. போன இலையுதிர்காலத்தில் மான் நடந்த தடம், கொம்பு தேய்த்த மரம் எல்லாம் திறந்த புத்தகமாகக் கிடக்கும். வேட்டைப் பருவம் முடிந்துவிட்டதால் படுக்கைக்குள்ளேயே காலை வைத்து மானைக் கிளப்பினாலும் பாதகமில்லை, அக்டோபருக்குள் மறந்துவிடும். அக்டோபரில் அதையே செய்தால் அந்த இடம் உங்களுக்கு முடிந்தது.

போவதற்கு முன் வீட்டிலேயே பாதி வேலை நடக்கும். உயரக் கோடுகள் போட்ட வரைபடத்தையும் இலை உதிர்ந்த காலத்துச் செயற்கைக்கோள் படத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆன்எக்ஸ் ஆப் வைத்திருப்பவர்கள் நிறைய, மாநிலத்தின் மி-ஹன்ட் வரைபடம் இலவசம். நான் முதலில் தேடுவது கோரைச் சதுப்பு. கோரைக்கு நடுவே நாலைந்து மரம் நிற்கும் திட்டு தெரிந்தால் குறித்துக்கொள்வேன், பெரிய கலை, அதாவது கொம்புள்ள ஆண் மான், படுக்க விரும்பும் இடம் அது. அப்புறம் ஆட்டம் ஆலிவ் என்கிற முள்புதர்க் காடு. ஆசியாவிலிருந்து கொண்டுவந்து நட்டுவிட்டு இப்போது ஒழிக்க முடியாமல் தவிக்கிறார்கள், மானுக்கு மட்டும் கொண்டாட்டம். படுக்கையும் தீனியும் எங்கெங்கே என்று குறித்தபின், இரண்டுக்கும் நடுவில் மான் ஒடுங்கி நடக்க வேண்டிய இடங்களைப் பாருங்கள். இரண்டு சதுப்புகளுக்கு நடுவே ஒரு கழுத்து நிலம், இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒரு தாழ்வு, பழைய வேலி சாய்ந்த இடம், ஓடை ஆழமில்லாமல் ஓடும் இடம். வரைபடத்தில் பத்து இடம் குறித்தால் நேரில் போய் எட்டைக் கழித்துவிடுவேன்.

நேரில் பார்க்கும்போது படுக்கையில் கொஞ்ச நேரம் செலவழியுங்கள். காய்ந்த புல் மூன்று, நாலு அடி நீளத்துக்கு முட்டை வடிவில் அமுங்கியிருக்கும், உள்ளே வெள்ளையும் பழுப்புமாக உள்ளீடற்ற மயிர் கிடக்கும். சின்னதும் பெரியதுமாக நாலைந்து சேர்ந்து கிடந்தால் தாயும் குட்டிகளும். ஒற்றையாக, பெரிதாக, முதுகை ஒரு விழுந்த மரத்துக்குக் கொடுத்தபடி இருந்தால் அநேகமாகக் கலை. அதன் நடுவில் நீங்களும் குந்தி உட்கார்ந்து பாருங்கள். நான் முதல் தரம் அப்படி உட்கார்ந்தபோது, நிமிர்ந்து நின்றால் தெரியாத நடைபாதை வளைவு ஒன்று புதர்களுக்கு அடியில் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு வருடம் நான் நடந்து வந்த வழி அதுதான்.

கொம்பு தேய்த்த மரத்தில் பட்டை உரிந்த பக்கத்தைப் பாருங்கள், பெரும்பாலும் கலை வந்த திசையைப் பார்த்தே அது இருக்கும். அப்படிப்பட்ட மரங்கள் வரிசையாக, பட்டை சதுப்புப் பக்கம் உரிந்து நின்றால், அது மாலையில் சதுப்பை விட்டுப் புறப்படும் வழி. இன்னொன்று, காலால் சுரண்டிய தரை. மான் முக உயரத்துக்குத் தாழ்ந்த ஒரு கிளை, அதற்குக் கீழே சருகு ஒதுக்கி மண் கறுப்பாகக் கிளறிய வட்டம், மூத்திர வாடை. புதிதாக வேட்டைக்கு வருபவர்கள் இதைப் பார்த்ததும் புதையல் கிடைத்த மாதிரி அங்கேயே பரண் போட்டுவிடுவார்கள். வயலோரத்துச் சுரண்டல்களுக்குக் கலை வருவது பெரும்பாலும் இரவில். அதற்கென்று ஒரு கேமராவை வைத்துப் பாருங்கள், படங்கள் எல்லாம் நடு இரவில் எடுத்தவையாக இருந்தால் அங்கே உட்காரத் தேவையில்லை. பொதுக் காட்டில் கேமரா களவு போகும், விலை குறைந்ததாக வையுங்கள்.

தீனியைப் பற்றி ஒரு விஷயம். ஓக் என்றால் எல்லாம் ஒன்றல்ல. இலையின் விளிம்பு விரல் நுனி போல உருண்டிருந்தால் வெள்ளை ஓக், கூர்கூராக முடிந்து நுனியில் முள்மயிர் இருந்தால் சிவப்பு ஓக். வெள்ளை ஓக்கின் காய் அதே வருடம் பழுத்து விழும், சிவப்புக்கு இரண்டு வருடம் ஆகும். சந்தேகம் இருந்தால் ஒரு காயை உடைத்துப் பருப்பை நுனிப்பல்லால் கடித்துப் பார்த்துத் துப்புங்கள். சிவப்பு, கடுக்காயைக் கடித்ததுபோல நாக்கை இழுத்துப் பிடிக்கும். வெள்ளையில் துவர்ப்பு குறைவு. மானும் அதைத்தான் முதலில் தேடும். அக்டோபர் முதல் பாதியில் காய் கொட்டுகிற வெள்ளை ஓக் ஒன்றைக் கண்டுபிடித்தால், சோள வயலைவிட அது மேல். ஆனால் எல்லா வருடமும் எல்லா மரமும் காய்க்காது. ஆகஸ்டில் பைனாகுலரோடு போய் உச்சிக் கிளைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். தீனி கொட்டி மானை வரவழைக்கும் பழக்கம் இங்கே ரொம்ப நாள் இருந்தது. மான்களுக்கு வரும் நரம்புநோய் பரவுவதால் 2019-இல் கீழ்த் தீபகற்பத்தில் அதைத் தடை செய்தார்கள். இந்த ஆண்டுக்கான விதிப்புத்தகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து இந்தக் கணக்கெல்லாம் மாறும். பகல் நேரம் சுருங்குவதை வைத்து மான்களுக்கு இணைசேரும் பருவம் தொடங்கும், இங்கே நவம்பர் நடுவில் உச்சம். கலை சோறு தண்ணீர் மறந்து பெண் மான்களைத் தேடி அலையும். அப்போது தீனியை விட்டுவிட்டு, முன்பே குறித்த கழுத்து நிலங்களுக்குப் போங்கள். பெண் மான்கள் படுக்கும் இரண்டு புதர்களுக்கு நடுவே, காற்று அந்தப் புதர்களைத் தாண்டி வந்து சேரும் பக்கமாக. வருடத்தில் நாள் முழுக்க உட்காரத் தகுதியான நாட்கள் இந்தப் பத்துப் பன்னிரண்டுதான். நவம்பர் 15-ஆம் தேதி துப்பாக்கிப் பருவம் தொடங்கியதும் காடு வேறு காடாகிவிடும். அன்றிலிருந்து 30 வரை வில்லோடு போனாலும் ஆரஞ்சு அணிய வேண்டும். மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் சரியாகப் பிரித்துத் தெரியாது, அதனால் கவலை வேண்டாம். நீலம் நம்மைவிட நன்றாகத் தெரியும். அந்த ஜீன்ஸை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

மரம் தேர்வதில் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தினைப்புனத்துப் பரண் மாதிரி பலகை அடித்துக் கட்டலாம் என்று நினைக்காதீர்கள். மாநில நிலத்தில் கழற்றி எடுக்கும் பரண்தான் வைக்கலாம், பட்டைக்குள் இறங்கும் ஆணி, திருகு எதுவும் கூடாது, உங்கள் பெயர் விவரம் கீழேயிருந்து படிக்கும்படி மாட்டியிருக்க வேண்டும். அம்பு போகும் சந்துக்காகக் கிளை வெட்டவும் கூடாது. ஆகவே சந்து ஏற்கெனவே இருக்கும் மரமாகப் பாருங்கள். யாராவது குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 450 அடிக்குள், அனுமதியில்லாமல், வில்லும் கூடாது. உயரம் 18 அடி போதும். இன்னும் மேலே போனால் அம்பு செங்குத்தாக இறங்கி ஒரு நுரையீரலை மட்டும் தொடும். பின்னணி இருக்கிற மரம் முக்கியம். ஓக் பழுப்பு இலைகளை நவம்பர் வரை விடாமல் பிடித்திருக்கும், அதன் நடுவே நீங்கள் கரைந்துவிடலாம். வழவழவென்று ஒற்றையாக நிற்கும் மரத்தில் வானத்தைப் பின்னால் வைத்து உட்கார்ந்தால் கம்பத்தில் கட்டிய பொம்மைதான். மாலையில் சூரியன் உங்கள் முகத்தில் விழக் கூடாது. விழாமல் தாங்கும் பாதுகாப்பு வாரை (ஹார்னஸ்) தரையில் நிற்கும்போதே மாட்டி, ஏறும்போதே மரத்தில் கட்டிய கயிற்றில் கொக்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். விழுகிறவர்கள் பெரும்பாலும் ஏறும்போதோ இறங்கும்போதோதான் விழுகிறார்கள்.

யாரும் சொல்லாத இன்னொன்று, அம்பு பட்ட மான் எங்கே ஓடும் என்பது. நன்றாகப் பட்டாலும் நூறு கஜம் வரைகூட ஓடிவிட்டு விழும், பெரும்பாலும் வந்த புதரைத் தேடி ஓடும். பரணிலிருந்து அறுபது கஜத்தில் தனியார் எல்லை என்றால், அந்த நிலக்காரரிடம் முன்பே பேசி வையுங்கள். அனுமதி இல்லாமல் உள்ளே போய் எடுக்க முடியாது. ஒரு வருடம் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் விழுந்த மானுக்காக இரவு பத்து மணிக்கு ஒரு பண்ணை வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன். அவர் நல்ல மனிதர், டார்ச்சும் எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று நம்பிப் பரண் போட முடியாது. கோரைச் சதுப்புக்குள் இடுப்பளவு சேற்றில் எழுபது கிலோ மானை இழுப்பது எப்படி என்றும் யோசித்து வையுங்கள். எடுத்த மானை 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், 2022-இலிருந்து கட்டாயம்.

உங்கள் மேட்டுக்கு வருவோம். அந்த மரத்தைப் பத்து நாளைக்கு மறந்துவிடுங்கள். அதற்குள் வரைபடத்தில் சதுப்பின் ஓரமாகப் பாருங்கள். மேட்டின் அடிவாரத்தில் எங்காவது சதுப்பு முடிந்து திறந்த குட்டை தொடங்கும் மூலை ஒன்று இருக்கும். சதுப்பிலிருந்து ஓக்குக்கு ஏறும் தடம் அந்த மூலைக்கு இருபது கஜத்தில் போனால் அங்கே ஒரு மரம் பாருங்கள். சதுப்பின் பக்கமிருந்து குட்டையை நோக்கிக் காற்று அடிக்கிற நாளில், குட்டையின் ஓரமாகவே நடந்து வந்து, சூரியன் மறைய இரண்டரை மணி நேரம் இருக்கும்போது ஏறிவிடுங்கள். ஏறியதும் முதல் வேலையாக ஒரு மில்க்வீட் இழையை விட்டுப் பாருங்கள், வெயில் இறங்கியதும் இன்னொன்று. இரண்டும் தண்ணீர்மேல் போனால் உட்காருங்கள். இரண்டாவது இழை சதுப்புப் பக்கம் திரும்பினால் வெளிச்சம் இருக்கும்போதே சத்தமில்லாமல் இறங்கி வீட்டுக்குப் போய்விடுங்கள், அந்த மூலை இன்னொரு நாளைக்கு மிச்சம் இருக்கும். வீட்டுக்குள் நுழையுமுன் முழங்காலுக்குப் பின்புறமும் இடுப்புப் பட்டையும் உண்ணிக்காகத் தடவிப் பாருங்கள், லைம் நோய் இந்தப் பக்கம் உண்டு.